தோட்டத்து வீடுகளில் கணினிப் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு கணினியை ஒருவர் மட்டும் புழங்கும் வீடு குறைவு. பிள்ளையின் பள்ளி வேலை, அண்ணனின் லாரிக் கணக்கு, கோயில் வரவு செலவு, அம்மாவின் சேமநிதி என்று எல்லாம் ஒரே மடிக்கணினியில் இருக்கும். அதில் செருகும் பென்டிரைவ் பள்ளிக்கும் போகும், பிரிண்ட் எடுக்கும் கடைக்கும் போகும். இந்தப் புழக்கத்தை மனத்தில் வைத்தே கீழே பதில் சொல்லியிருக்கிறோம். விண்டோஸ் 10, விண்டோஸ் 11, ஆண்ட்ராய்டு ஆகியவற்றுக்குள் நல்ல காவல் ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அந்தக் காவலை யாரோ அணைத்து வைத்திருப்பார்கள், அல்லது அது வேலை செய்ய வழியில்லாமல் போயிருக்கும்.

ஆண்டிவைரஸ் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

வீட்டுக்கு வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாப்ட் டிஃபெண்டர் கூடவே வருகிறது, அதுவே போதும். ஆனால் அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்து, 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' பகுதியில் 'மேனேஜ் செட்டிங்ஸ்' போங்கள். 'ரியல்-டைம் புரொடெக்‌ஷன்', 'கிளவுட்-டெலிவர்ட் புரொடெக்‌ஷன்', 'டாம்பர் புரொடெக்‌ஷன்' மூன்றும் ஆன் நிலையில் இருக்க வேண்டும். மூன்றாவது முக்கியமானது. வேறொரு மென்பொருள் டிஃபெண்டரைத் திருட்டுத்தனமாக அணைக்காமல் தடுப்பது அதுதான்.

புதிய மடிக்கணினிகளில் சில வாரங்களுக்கு மட்டும் இலவசமாக ஓடும் வேறோர் ஆண்டிவைரஸ் ஏற்றப்பட்டிருக்கும். அது இருக்கும்வரை டிஃபெண்டர் ஒதுங்கி நிற்கும். காலம் முடிந்ததும் 'பணம் கட்டு' என்று தொல்லை கொடுக்கும், காவலும் அரைகுறையாகிவிடும். செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய் அதை நீக்கி, கணினியை ரீஸ்டார்ட் செய்து, டிஃபெண்டர் திரும்ப வந்துவிட்டதா என்று பாருங்கள். இரண்டு ஆண்டிவைரஸ்களை ஒரே நேரத்தில் ஓட்டாதீர்கள். ஒரே கோப்பை இரண்டும் பிடித்து இழுக்கும், கணினி நகராது.

கடையில் விண்டோஸை 'ஆக்டிவேட்' செய்து கொடுத்தார்கள். நன்றாகத்தான் ஓடுகிறது. அதில் என்ன ஆபத்து?

உரிமம் வாங்காமல் ஆக்டிவேட் செய்யும் கருவிகள் ஏறக்குறைய எல்லாமே ஓடுவதற்கு முன் ஒன்றைக் கேட்கும்: டிஃபெண்டரை அணை. அணைத்த பிறகு அந்தக் கருவி நிர்வாகி உரிமையோடு உள்ளே போகிறது. கூடவே எது போனாலும் தடுக்க ஆளில்லை. கடைக்காரர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் இறக்கிய கருவிக்குள் என்ன இருந்தது என்பது அவருக்கே தெரியாது.

உங்கள் கணினியில் இதன் தடயத்தைக் கண்ணால் பார்க்கலாம். மேலே சொன்ன அதே 'மேனேஜ் செட்டிங்ஸ்' பக்கத்தின் அடியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று ஒன்று இருக்கும். டிஃபெண்டர் சோதிக்கக் கூடாத இடங்களின் பட்டியல் அது. வீட்டுக் கணினியில் அது காலியாக இருக்க வேண்டும். அங்கே சி டிரைவ் முழுவதுமோ, நீங்கள் கேள்விப்படாத ஒரு கோப்புறையோ இருந்தால், காவல்காரனின் கண்ணைக் கட்டிவிட்டார்கள் என்று பொருள். அவற்றை எடுத்துவிட்டு முழுச் சோதனை ஓட்டுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒரு செய்தி: ஆக்டிவேட் செய்யாத விண்டோஸும் ஓடும், பாதுகாப்பு மேம்பாடுகளையும் பெறும். திரையின் வலது மூலையில் ஒரு வாசகம் தெரியும், பின்னணிப் படம் போன்ற சில அமைப்புகளை மாற்ற முடியாது, அவ்வளவுதான். திருட்டு ஆக்டிவேட்டர் போட்ட கணினியைவிட அது எவ்வளவோ பாதுகாப்பானது. தவிர, விண்டோஸோடு விற்கப்பட்ட மடிக்கணினியில், அது விண்டோஸ் 8 காலத்துக்குப் பிந்தியது என்றால், உரிமச் சாவி பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து 'மீடியா கிரியேஷன் டூல்' இறக்கி, குறைந்தது 8 ஜிபி காலி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றி, புதிதாக நிறுவினால் அது தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். நிறுவும்போது உள்ளே இருப்பவை அழிந்துவிடும், எனவே கோப்புகளை முதலில் வெளியே எடுத்து வையுங்கள்.

ஆபிஸ் மென்பொருளுக்காகத்தான் திருட்டுப் பதிப்பு என்றால் அதற்கும் தேவையில்லை. லிப்ரே ஆபிஸ் முழுக்க இலவசம். கல்வி அமைச்சின் டெலிமா கணக்கு உள்ள பள்ளிப் பிள்ளைகள் கூகுள் டாக்ஸ், ஸ்லைட்ஸ் எல்லாவற்றையும் அதிலேயே பயன்படுத்தலாம்.

பிரிண்ட் கடைக்குப் போய் வந்த பிறகு பென்டிரைவில் இருந்த கோப்புகள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன. அழிந்துவிட்டனவா?

அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. பதறிப்போய் ஃபார்மெட் செய்துவிடாதீர்கள். அந்த ஷார்ட்கட்டை இரட்டைச் சொடுக்கு சொடுக்கவும் செய்யாதீர்கள்.

இது வேலை செய்யும் விதம் தந்திரமானது. கடைக் கணினியில் இருந்த நச்சுநிரல் உங்கள் கோப்புகளை ஒரு கோப்புறைக்குள் தள்ளி, அந்தக் கோப்புறையை மறைத்துவிடுகிறது. சில சமயம் அந்தக் கோப்புறைக்குப் பெயரே இருக்காது, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றிடம் மட்டும் தெரியும். வெளியே பென்டிரைவின் படமும் பெயரும் கொண்ட ஒரு ஷார்ட்கட்டை வைக்கிறது. நீங்கள் அதைச் சொடுக்கினால் உங்கள் கோப்புகள் திறக்கும். அதனால் சந்தேகமே வராது. ஆனால் அதே சொடுக்கில் நச்சுநிரலும் ஓடி உங்கள் கணினிக்குள் இறங்கிவிடும். அடுத்து அந்தக் கணினியில் செருகும் ஒவ்வொரு பென்டிரைவுக்கும் தொற்றும். பிள்ளை அதைப் பள்ளிக்குக் கொண்டுபோவான்.

2008இல் பரவிய கான்ஃபிக்கர் புழுவின் காலத்தில் பென்டிரைவைச் செருகினாலே போதும், ஆட்டோரன் வழியாகத் தொற்றிக்கொள்ளும். விண்டோஸ் 7இல் பென்டிரைவுக்கு அந்த ஆட்டோரன் எடுக்கப்பட்டது, 2011இல் பழைய விண்டோஸ்களுக்கும் மேம்பாடு வந்தது. இப்போது நச்சுநிரலுக்கு உங்கள் சொடுக்கு தேவை. அதற்காகத்தான் இந்த ஷார்ட்கட் வேடம்.

மீட்க வழி இது. டிஃபெண்டர் உயிரோடு உள்ள கணினியில் பென்டிரைவைச் செருகி, முதலில் அதன்மேல் வலச்சொடுக்கு செய்து டிஃபெண்டரால் சோதியுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ' பகுதியில் 'ஹிட்டன் ஐட்டம்ஸ்', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' இரண்டையும் குறியிடுங்கள். இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்றால் 'ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்' திறந்து, 'வியூ' தாவலில் 'ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்ற குறியை எடுங்கள். விண்டோஸ் எச்சரிக்கும், சம்மதியுங்கள். இப்போது மங்கலான நிறத்தில் அந்தக் கோப்புறை தெரியும். பென்டிரைவைச் சொடுக்கித் திறக்காமல் இடப்பக்கப் பட்டியல் வழியாக அதற்குள் போய், வேர்ட், எக்செல், பிடிஎஃப், படங்கள் ஆகியவற்றை மட்டும் தேர்ந்து கணினியில் ஒரு புதிய கோப்புறைக்குப் படியெடுங்கள். 'இஎக்ஸ்இ', 'எல்என்கே', 'விபிஎஸ்' என்று முடியும் எதையும் தொடாதீர்கள். எல்லாம் வந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகே பென்டிரைவை ஃபார்மெட் செய்யுங்கள். எடுத்த குறியைத் திரும்பப் போட மறக்க வேண்டாம்.

அந்த ஷார்ட்கட்டை ஏற்கெனவே சொடுக்கியிருந்தால் கணினியையும் சுத்தம் செய்ய வேண்டும். விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் 'ஆஃப்லைன் ஸ்கேன்' தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே சோதிக்கும். அந்த நேரத்தில் நச்சுநிரல் ஓடாது, ஒளிய முடியாது. சுமார் 15 நிமிடம் ஆகும். சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

பிரிண்ட் எடுக்கப் போகும்போது முழு பென்டிரைவையும் கொண்டுபோகாதீர்கள். அதற்கென்று ஒரு மலிவான பென்டிரைவை ஒதுக்கி, எடுக்க வேண்டிய பிடிஎஃப் கோப்பை மட்டும் போட்டுக் கொடுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் இன்னும் நல்லது. கோயில் கணக்கு இருக்கும் பென்டிரைவ் வீட்டைவிட்டு வெளியே போகவே கூடாது.

எங்களுக்கு வீட்டு வைஃபை இல்லை, கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைப்பது சரியா?

சரியில்லை. உங்கள் கவலை நியாயமானது, மாதாந்தர மேம்பாடு டேட்டாவைத் தின்னும். ஆனால் ஓட்டை அடைக்காத கணினிக்கு என்ன ஆகும் என்பதை 2017 காட்டியது. வன்னாகிரை என்ற பிணைப்பண நச்சுநிரல் மே 12 அன்று வெடித்து, 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் மேம்பாட்டை மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டுவிட்டது. ஐம்பத்தொன்பது நாள் கால அவகாசம் இருந்தது. அந்தக் கணினிகளில் யாரும் எதையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை, வலையமைப்பு வழியாகத் தானே தாவியது.

ஹாட்ஸ்பாட் வீடுகளில் ஒரு மறைமுகக் காரணமும் உண்டு. அந்த இணைப்பு 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' (டேட்டா அளவுள்ள இணைப்பு) என்று குறிக்கப்பட்டிருந்தால் விண்டோஸ் பெரும்பாலான மேம்பாடுகளைத் தானாக இறக்காது. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், நீங்களும் கவனிக்க மாட்டீர்கள். அதனால் மாதம் ஒருமுறை நல்ல வைஃபை உள்ள இடத்துக்கு, உறவினர் வீடோ நூலகமோ, மடிக்கணினியைக் கொண்டுபோங்கள். விண்டோஸ் மேம்பாடு மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை அமெரிக்க நேரப்படி வரும், நமக்கு அதற்கு அடுத்த நாள் புதன் விடியற்காலை. அந்த வாரக் கடைசியில் போனால் சரியாக இருக்கும். ஐந்து நிமிடம் ஆன் செய்து மூடினால் வேலை நடக்காது. ஒரு மேம்பாடு நம்பகமாக இறங்கி நிறுவப்பட, தொடர்ந்து குறைந்தது 2 மணி நேரமும் மொத்தமாக 6 மணி நேரமும் கணினி இணைப்பில் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாப்டின் சொந்தக் கணக்கு.

டியூஷன் மையம் போல ஒரே இடத்தில் பல கணினிகள் இருந்தால், விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்', அதற்குள் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' போய், உள்வலையமைப்பில் உள்ள கணினிகளிடமிருந்து பெற அனுமதியுங்கள். ஒரு கணினி இறக்கியதை மற்றவை பங்கிட்டுக்கொள்ளும். டேட்டா நிறைய மிச்சமாகும்.

அப்டேட்டே கணினியைக் கெடுத்துவிடும் என்கிறார்களே?

எப்போதாவது நடப்பது உண்மைதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான மேம்பாட்டால் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் கணினிகள் நீலத்திரையில் நின்றன. அது நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள், வீட்டுக் கணினிகளில் இருப்பதில்லை. வீட்டில் பயமாக இருந்தால் 'பாஸ் அப்டேட்ஸ்' வழியாக ஒரு வாரம் தள்ளிப்போடலாம். ஒரு வாரம் சரி, ஒரு வருடம் கூடாது.

எங்கள் கணினி விண்டோஸ் 10. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கணினி வழக்கம்போல ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு மருந்து வராது. உங்களுக்கு மூன்று வழிகள்.

முதலாவது, 'இஎஸ்யூ' என்னும் நீட்டிப்பு. பதிப்பு 22எச்2 ஆக இருந்தால் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்ந்துகொள்ளும் வழி காட்டும். விண்டோஸ் பேக்கப் வழியாக அமைப்புகளை மைக்ரோசாப்ட் கணக்கோடு ஒத்திசைத்தால் இலவசம், இல்லையென்றால் 30 அமெரிக்க டாலர். இது 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். ஆக, இது மூச்சு விடக் கிடைக்கும் நேரம் மட்டுமே.

இரண்டாவது, விண்டோஸ் 11. அதற்கு டிபிஎம் 2.0 (பூட்டுச் சாவிகளைக் காக்கும் சில்லு), செக்யூர் பூட், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி தேவை. விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, 'டிபிஎம் டாட் எம்எஸ்சி' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் டிபிஎம் இருக்கிறதா, எந்தப் பதிப்பு என்று காட்டும். இல்லை என்று சொன்னாலும் உடனே நம்பிவிடாதீர்கள், பல கணினிகளில் அது பயாஸில் (விண்டோஸ் எழும்புவதற்கு முன் வரும் அமைப்புத் திரையில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் பலகைகளில் 'பிடிடி', ஏஎம்டி பலகைகளில் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் தேடுங்கள்.

மூன்றாவது, லினக்ஸ் மின்ட். பத்து வருடப் பழைய மடிக்கணினி, 4 ஜிபி ரேம், வேலை என்னவென்றால் இணையமும் கடிதமும் கணக்கும் மட்டும் என்றால் எங்கள் பரிந்துரை இதுதான். நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வைஃபையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும்.

லினக்ஸிலும் மெக்கிலும் வைரஸே வராதாமே?

குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது. போலி வங்கிப் பக்கத்தில் நீங்களே கடவுச்சொல்லைத் தட்டினால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.

ஒரே கணினியை நால்வர் புழங்குகிறோம். எப்படிப் பிரிப்பது?

ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு, எல்லாம் 'ஸ்டாண்டர்ட் யூசர்' வகை. நிர்வாகிக் கணக்கு ஒன்றே ஒன்று. அதை யாரும் தினமும் பயன்படுத்தக் கூடாது, அதன் கடவுச்சொல் வீட்டுப் பெரியவரிடம் மட்டும் இருக்கட்டும். இப்படிச் செய்தால், பிள்ளை விளையாட்டில் குறுக்கு வழியில் வெல்வதற்கான 'சீட்' கோப்பு ஒன்றை இறக்கி ஓட்டும்போது திரை மங்கி நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும். அப்பா வேலைக்குப் போயிருப்பார். அந்த நச்சுநிரல் இயங்குதளத்துக்குள் வேர்விட முடியாது. அந்தப் பிள்ளையின் சொந்தக் கோப்புகளுக்குச் சேதம் வரலாம், ஆனால் கோயில் கணக்கு வேறொரு கணக்கில் பத்திரமாக இருக்கும். பத்து நிமிட வேலை. செலவில்லாமல் கிடைக்கும் காவல்களில் இதைப் போன்றது வேறில்லை.

தமிழில் தட்டச்சு செய்ய ஒரு மென்பொருள் இறக்கினேன். பிறகு உலாவியில் விளம்பரமாகக் கொட்டுகிறது.

தெரியாத தளங்களில் 'இலவசத் தமிழ் எழுதி' என்று கிடைப்பவற்றில் விளம்பர நிரல்களைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். வெளியிலிருந்து ஒன்றும் இறக்கத் தேவையே இல்லை. இப்போதைய விண்டோஸ் 10இலும் 11இலும் தமிழ் 99, அஞ்சல் இரு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்குவேஜ்' போய், மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்து, அதன் அமைப்புக்குள் 'ஆட் எ கீபோர்ட்' வழியாக வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் விசையும் சேர்த்து அழுத்தினால் மாறும். மெக்கிலும் ஐஃபோனிலும் இவ்விரண்டும் உண்டு.

வந்துவிட்ட விளம்பரத்துக்கு: 'ஆப்ஸ்' பட்டியலை நிறுவிய தேதிப்படி அடுக்கி, அந்த நாளில் வந்தவற்றை நீக்குங்கள். பிறகு உலாவியின் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பக்கத்தில் தெரியாதவற்றை எடுங்கள். கடைசியாக, தளங்களுக்குக் கொடுத்த 'நோட்டிஃபிகேஷன்' அனுமதிகளைப் பாருங்கள். மூலையில் குதிக்கும் விளம்பரங்களில் பாதி அங்கிருந்துதான் வருகின்றன.

'நான் ரோபோ இல்லை' என்று ஒரு பக்கம் கேட்டது. விண்டோஸ் விசையும் ஆர் விசையும் அழுத்தி, எதையோ ஒட்டி எண்டர் அடிக்கச் சொன்னது. செய்துவிட்டேன்.

உண்மையான சோதனை எதுவும் உங்களை உலாவிக்கு வெளியே போகச் சொல்லாது. நீங்கள் ஒட்டியது ஒரு கட்டளை. அந்தப் பக்கமே அதை உங்கள் கிளிப்போர்டில் வைத்துவிட்டது. பெரும்பாலும் அது இறக்குவது உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும், உள்நுழைந்திருக்கும் அடையாளமான குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகும் திருடன். இவ்வகையில் பெயர்பெற்ற லும்மாவை மைக்ரோசாப்ட் 2025 மே மாதம் முடக்கியது. அதற்கு முந்திய இரண்டே மாதங்களில் 3,94,000 விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததாகக் கண்டார்கள்.

இணைப்பை உடனே துண்டியுங்கள். கடவுச்சொற்களை அந்தக் கணினியில் மாற்றாதீர்கள், புதியதும் திருடப்படும். வேறொரு கைப்பேசியில் முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, பிறகு மற்றவை என்று மாற்றி, ஒவ்வொன்றிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். திருடிய குக்கி சில தளங்களில் கடவுச்சொல் மாறிய பிறகும் செல்லும் என்பதால் அந்த இரண்டாவது வேலையை விட்டுவிடாதீர்கள். கணினியில் ஆஃப்லைன் சோதனை ஓட்டுங்கள். வங்கி வேலை செய்யும் கணினி என்றால் விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே நிம்மதி.

கோப்புகள் எதுவும் திறக்கவில்லை, பெயருக்குப் பின்னால் நான்கெழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. 980 டாலர் கேட்டு ஒரு குறிப்பும் இருக்கிறது.

அந்தத் தொகையும், 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி விலை என்ற பேரமும் ஸ்டாப் அல்லது டிஜெவியூ என்ற பிணைப்பண நச்சுநிரல் குடும்பத்தின் கையெழுத்து. திருட்டு மென்பொருள்களோடு வருவது. பூட்டும்போது 'விண்டோஸ் அப்டேட்' போல ஒரு போலிச் சாளரத்தைக் காட்டி உங்களைக் காத்திருக்க வைக்கும். கூடவே கடவுச்சொல் திருடனையும் அழைத்து வரும், அதனால் முந்திய பதிலில் சொன்னதையும் செய்ய வேண்டும்.

செய்ய வேண்டிய வரிசை:

1. வைஃபையைத் துண்டித்து, செருகியிருக்கும் எல்லாப் பென்டிரைவையும் ஹார்ட்டிஸ்க்கையும் உருவுங்கள். இன்னும் கோப்புகள் மாறிக்கொண்டே இருந்தால் பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள்.
2. பணம் கட்டாதீர்கள். சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.
3. பூட்டிய கோப்புகளையும் மிரட்டல் குறிப்பையும் அழிக்காதீர்கள். இன்று திறக்காதது நாளை திறக்கலாம்.
4. வேறொரு கணினியில் 'நோ மோர் ரான்சம்' தளத்துக்குப் போய், ஒரு பூட்டிய கோப்பையும் அந்தக் குறிப்பையும் கொடுத்து வகையைக் கண்டறியுங்கள். நெதர்லாந்து காவல்துறை, யூரோபோல் முதலியோர் 2016இல் தொடங்கிய இலவசத் தளம் அது.
5. சைபர்999க்குத் தெரிவியுங்கள். சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் உதவிச் சேவை, எண் 1-300-88-2999.

திறக்குமா என்றால், பூட்டிய சாவியைப் பொறுத்தது. பூட்டும்போது நச்சுநிரலால் தன் முதலாளியின் சர்வரை எட்ட முடியாமல் இருந்திருந்தால், அது பலருக்கும் பொதுவான 'ஆஃப்லைன் சாவி'யைப் பயன்படுத்தியிருக்கும். அந்தச் சாவி கிடைத்துவிட்ட வகைகளுக்கு எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் இலவசக் கருவி திறந்து கொடுக்கும். உங்களுக்கென்று தனிச்சாவி போட்டிருந்தால் புதிய வகைகளுக்கு வழியில்லை. ஒரு சிறு ஆறுதல் உண்டு: இந்தக் குடும்பம் ஒவ்வொரு கோப்பின் முதல் 150 கேபி அளவை மட்டும் பூட்டுகிறது. கல்யாண வீடியோ போன்ற பெரிய எம்பி4 கோப்புகளைச் சில சமயம் பழுதுபார்த்து ஓட்டலாம். சிறிய வேர்ட் கோப்புகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அப்படியென்றால் எப்படி நகல் எடுத்து வைப்பது?

மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினியில் இருப்பது ஒன்று. வெளி ஹார்ட்டிஸ்க்கில் ஒன்று. கூகுள் டிரைவில் ஒன்று, அங்கே 15 ஜிபி இலவசம், ஒன்டிரைவ் என்றால் 5 ஜிபி. ஆவணங்களுக்கும் கணக்குகளுக்கும் இது தாராளம், வீடியோக்களை ஹார்ட்டிஸ்க்கில் வையுங்கள்.

ஹார்ட்டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. செருகியிருந்தால் நச்சுநிரல் அதையும் பூட்டும். நம் ஊரில் இன்னொரு எதிரியும் உண்டு. சாயங்கால மழையில் இடி இறங்கினால் கணினியும் அதில் செருகிய எல்லாமும் ஒன்றாகப் போகும். மோடத்துக்கு வரும் கம்பி வழியாகவும் மின்னல் நுழையும், பிளக்கை மட்டும் உருவினால் போதாது. வாரம் ஒருமுறை செருகி, நகல் எடுத்து, உருவி அலமாரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

புலனத்தில் (வாட்ஸ்அப்) கல்யாண அழைப்பிதழ் என்று ஒரு கோப்பு வந்தது. தட்டினேன், ஏதோ செயலி நிறுவக் கேட்டது.

அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வீடியோவாகவோதான் வரும். 'ஏபிகே' என்று முடிந்தால் அது ஆண்ட்ராய்டு செயலி. அனுப்பியவர் சொந்தக்காரராகவே இருக்கலாம், அவருடைய கைப்பேசி ஏற்கெனவே திருடன் கையில் இருக்கும். இந்தச் செயலிகள் குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் வங்கி அனுப்பும் டேக் எண் (பணம் அனுப்புவதை உறுதிசெய்யும் ரகசிய எண்) நேரே அவர்களுக்குப் போகும்.

நிறுவவில்லை என்றால் கோப்பை அழித்தால் போதும். நிறுவிவிட்டீர்கள் என்றால் உடனே ஏரோபிளேன் மோடுக்கு மாற்றி, வேறொரு கைப்பேசியில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்குங்கள். பிறகு செயலியை நீக்குங்கள். நீக்க விடவில்லை என்றால் பவர் மெனுவில் 'பவர் ஆஃப்' என்பதை அழுத்திப் பிடித்தால் பல கைப்பேசிகளில் சேஃப் மோடு வரும். அதில் வெளிச் செயலிகள் ஓடாது, அங்கே நீக்கலாம். முடிவில் படங்களை எடுத்து வைத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்.

இனி வராமல் இருக்க, கைப்பேசி செட்டிங்ஸில் 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' என்று தேடி, புலனம், குரோம், ஃபைல்ஸ் எல்லாவற்றுக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல், இப்படி வெளியிலிருந்து வந்த செயலிக்கு 'ஆக்சசிபிலிட்டி' உரிமை எளிதில் கிடைக்காது. அதனால்தான் மோசடிக்காரர்கள் தொலைபேசியில் பேசிக்கொண்டே 'அலவ் ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்ஸ்' அழுத்தச் சொல்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் அழைப்பைத் துண்டியுங்கள். அம்மா, பாட்டி கைப்பேசிகளில் இதை நீங்களே செய்து கொடுங்கள்.

பணம் போய்விட்டது. யாரைக் கூப்பிடுவது?

997. தேசிய மோசடி பதில் நடவடிக்கை மையம், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அல்லது உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவு. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த வேண்டும் என்பதால் நிமிடங்கள் முக்கியம். வெட்கத்தில் ஒரு நாள் மறைத்து வைத்தால் அந்த வாய்ப்பு போய்விடும். பிறகு போலீஸ் புகார் செய்யுங்கள். இனி தெரியாதவருக்குப் பணம் போடுமுன், போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள்.

மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கினோம். இப்போது நீலத்திரையில் 48 இலக்க எண் கேட்கிறது.

அது பிட்லாக்கர் மீட்புச் சாவி, ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதி. மைக்ரோசாப்ட் கணக்கோடு அமைத்த பல விண்டோஸ் 11 கணினிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். அதன் சாவி டிபிஎம் சில்லில் இருப்பதால் மதர்போர்டை மாற்றினாலோ பயாஸை மேம்படுத்தினாலோ 'இது அதே கணினிதானா' என்று சந்தேகப்பட்டுக் கேட்கும். கணினியை முதலில் அமைத்தபோது பயன்படுத்திய மைக்ரோசாப்ட் கணக்கில், வேறொரு கைப்பேசி வழியாக உள்நுழைந்து, 'டிவைசஸ்' பகுதியில் அந்தக் கணினியின் பெயருக்குக் கீழே பாருங்கள். பல வீடுகளில் அது மகள் படிக்கும்போது திறந்த கணக்காக இருக்கும், அல்லது வாங்கிய கடையிலேயே திறந்து கொடுத்ததாக இருக்கும். திரையில் தெரியும் சாவி அடையாளத்தின் முதல் எட்டு எழுத்துகள் பொருந்துகின்றனவா என்று சரிபார்த்துத் தட்டுங்கள்.

சாவி எங்குமே இல்லையென்றால் டிஸ்க்கில் இருப்பவை போனவைதான். 'உடைத்துத் தருகிறேன்' என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள். அடுத்த முறை கடைக்குக் கொடுக்கும் முன்னாலேயே அந்த 48 இலக்கத்தைத் தாளில் எழுதி, அடையாளக் கார்டு வைத்திருக்கும் உறையில் போட்டு வையுங்கள். மடிக்கணினிப் பைக்குள் மட்டும் வைக்காதீர்கள்.